நனைந்த மூட்டை

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
பதினான்கு மாதம் சேர்த்த பணம்.
அதைக் கொண்டுபோய்
வாயையும் வயிற்றையும் கட்டிப்போடும் இடத்திலேயே
கொடுக்கிறோம் என்பது
மூன்றாவது தட்டில்தான் உறைத்தது.

ஆறாவது மாடி. கண்ணாடிச் சுவர்.
கீழே த்ரியெஸ்தே துறைமுகம்.
வெளியே போரா காற்று
போகிறவர்களின் தொப்பியைப் பறித்து
விளையாடிக்கொண்டிருந்தது.
உள்ளே ஒரு மெழுகுவத்திச் சுடர்கூட
அசையவில்லை.
மருமகனிடம் இரவல் வாங்கிய டையை
லீவியோ இரண்டு முறை தளர்த்தினான்.

முதலில் ஒரு கூழாங்கல் வந்தது.
அதன்மேல் எச்சில்போலக் கொஞ்சம் நுரை.
"கடலின் நினைவு" என்றான் பரிமாறும் பையன்,
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
பாடம் ஒப்பிக்கிறவன் மாதிரி.
லீவியோ கல்லைத் தூக்கிக் கடிக்கப் போனான்.
மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.
"அது தட்டு."

அப்புறம் அரை மத்தி மீன்.
மீதி அரை எந்த மேசைக்குப் போனதோ.

அப்புறம் புகை.
நிஜமாகவே புகை.
கண்ணாடி மூடியைத் திறந்ததும் எழுந்து
விதானம்வரை போய்க் காணாமல் போயிற்று.
அடியில் ஒரு கிழங்குத் துண்டு,
சுண்டுவிரல் நகமளவு.
பக்கத்து மேசைக்காரர்கள் கண்ணை மூடி
"ஆகா" என்றார்கள்.
நாங்களும் மூடிப் பார்த்தோம்.
திறந்தபோது தட்டை எடுத்துப் போயிருந்தார்கள்.

"நெரீனா, நமக்குத்தான் தெரியலபோல"
என்றான் லீவியோ, மெதுவாக.

நுரையைப் பொறுத்தேன், புகையைப் பொறுத்தேன்.
அந்த ஒரு வாக்கியம் தொண்டையில் நின்றது.
முப்பத்தொரு வருடம்
துறைமுகக் கிடங்கில் மூட்டை இறக்கியவன்,
எந்த முட்கரண்டியை முதலில் எடுப்பதென்று
அடுத்த மேசையைக்
காப்பியடித்துக்கொண்டிருந்தான்.

கடைசியாகக் காபி.
எந்த மலை, எந்தச் சரிவு,
எந்த மாதத்து மழைக்குப் பிறகு பறித்தது
எல்லாம் சொன்னான் பையன்.
லீவியோ குடிக்கவில்லை.
மூக்கருகே கொண்டுபோனான்.
நிமிர்ந்தான்.
டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான்.

"தம்பி, இது நனைந்த மூட்டை."

"சார்?"

"கப்பலோட அடித்தட்டு, சுவரோரம் அடுக்கின மூட்டை.
இரும்பு வியர்க்கும், சணல் அதைக் குடிக்கும்.
காயவைத்து நல்லதோடு கலந்துவிடுவார்கள்.
எத்தனை மலையின் பெயரைச் சொன்னாலும்
சாக்கு வாசனை போகாது.
தனியா எடுத்து வையுங்கடா என்று
கத்தியிருக்கேன்.
எவன் கேட்டான்?"

கோபமில்லாமல்தான் சொன்னான்.
வானிலை சொல்வதுபோல.

பையன் சுற்றிலும் பார்த்தான்.
சட்டையில் குத்தியிருந்த பெயர் ஜெர்னேய்.
கோப்பையை எடுத்து முகர்ந்தான்.
"எனக்கும் அடிக்கும், அந்தச் சாக்கு வாசனை.
நான் வேலைக்குப் புதுசு.
எனக்குத்தான் தெரியலபோல என்று
நினைத்துக்கொண்டேன்."

பில்லில்
காபிக்கான பன்னிரண்டு யூரோவை
அடித்திருந்தார்கள்.
மீதி முந்நூற்று நாற்பது
அப்படியே நின்றது.

லிஃப்டில் எங்களோடு பசியும் இறங்கியது.
தெருவில் காற்று அறைந்தது.
விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு
லீவியோ சிரித்தான்;
என்ன சொன்னான் என்று
இன்றுவரை எனக்குக் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் அவனிடம்
வீட்டுக்கு வந்த பிறகே சொன்னேன்.
கைப்பையைத் திறந்து
கூழாங்கல்லை எடுத்து வைத்தேன்.
நுரையைத் துடைத்தது
அவர்கள் வீட்டுத் துணி நாப்கினில்தான்.

இப்போது அது
சமையலறை ஜன்னலின் இடுக்கில் இருக்கிறது.
போரா அடிக்கிற இரவுகளில்
கதவு படபடப்பதில்லை.
கொடுத்த காசுக்கு
ஒரு பண்டமாவது
வேலை செய்கிறது.